பட்டறைக் குறிப்பு – 9: பின்னாடி வழுக்குதுன்னா முன்னாடி பாரு



போன மாசம் பிரேக் பேட் பத்தி எழுதினப்போ, "வளைவுல கார் ஒழுங்கா நிக்க மாட்டேங்குது, என்ன மாத்தணும்?"னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. கேள்வியிலயே ஒரு அவசரம் இருக்கு பாருங்க. என்ன கோளாறுன்னு கேக்கல. என்ன வாங்கணும்னு கேக்கறீங்க. காரை மாடிஃபை பண்ற கூட்டத்துல எல்லாருக்கும் இருக்கற வியாதி இது. கோளாறு எங்கன்னு தெரியறதுக்கு முன்னாடியே பார்சல் வீட்டுக்கு வந்துடும்.

அதனால இந்தத் தடவை ஒரே ஒரு காரோட கதை. அண்ணா ஒருத்தர் லண்டன்ல இருக்கார், யாழ்ப்பாணத்துக்காரர், வயசு நாப்பதைத் தாண்டியாச்சு. கார் மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவுல மியாட்டான்னு சொல்றாங்களே, அதே ரெண்டு சீட்டுக் கார்தான். 1989-ல முதல் தலைமுறை வந்துச்சு. அண்ணாகிட்ட இருக்கறது 1998-ல இருந்து 2005 வரைக்கும் வந்த ரெண்டாவது தலைமுறை, 1.6 லிட்டர் இன்ஜின். எடை கிட்டத்தட்ட ஒரு டன்னு. இன்ஜின் முன்னாடி, இழுவை பின்சக்கரத்துல, நாலு மூலையிலயும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். ட்ராக் டேக்குப் போறவங்க இதைத் தேடித் தேடி வாங்கறதுக்குக் காரணம் இருக்கு. பாகம் சல்லிசு, கார் லேசு, ஓட்டக் கத்துக் குடுக்கும்.

ட்ராக் டேன்னா ரேஸ் இல்லைங்க. காசு கட்டி, காலையில பாடம் கேட்டு, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, சொந்தக் காரை ரேஸ் ட்ராக்குல ஓட்டற நாள். முன்னாடி போறவர் வழி விட்டாதான் தாண்டணும். இங்கிலாந்துல பெரும்பாலான இடத்துல லேப் டைம் எடுக்கறதுக்கும் தடை. பந்தயமா மாறிடக் கூடாதுன்னு. இந்தத் தடை நம்ம கதைக்கு முக்கியம், ஏன்னா மாத்தினது நல்லாயிடுச்சா இல்லையான்னு கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேற சாட்சி தேடணும்.

இன்னொரு விஷயம். சாதாரண ரோடு இன்சூரன்ஸ் பெரும்பாலும் ட்ராக்குல செல்லாது. போய் இடிச்சா மொத்தமும் கைக்காசு. அண்ணாவுக்கு ரெண்டு தடவை ஒரே இடத்துல கார் சுத்திப் புல்லுல போய் நின்னிருக்கு. ரெண்டு தடவையும் ஒண்ணும் ஆகல. அக்கா தீர்மானமா சொல்லிட்டாங்க: "இன்னொருக்கா புல்லுக்க போனா, காரையும் விப்பன், ஹெல்மெட்டையும் விப்பன்." அவங்க சொன்னா செய்வாங்க. ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு மாசத்துல ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரர் இப்படிப் போறதுக்கு அவங்க இவ்வளவு பொறுத்ததே பெருசு.

அண்ணா சொன்ன வாக்குமூலம் இது: "தம்பி, நீள வளைவு முடிஞ்சு பிரேக் பிடிக்கேக்க பின்பக்கம் சடாரெண்டு வெளியால போகுது. பின் டயர் அகலமாப் போட்டாச்சு. முன்னுக்கு மொத்தமான பார் ஒண்டும் போட்டாச்சு. எண்டாலும் நிக்கேல்லை. இனி டிஃப் ஒண்டு வாங்கிப் போடப்போறன்."

டிஃப்னு அவர் சொன்னது லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். விலையைக் கேட்டா என் ரெண்டு மாச வாடகை. சரி அண்ணா, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன், அதுவரைக்கும் கார்டைத் தொடாதீங்கன்னு சொன்னேன்.

அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர் பத்தித் தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. ஸ்டீயரிங்கை ஒடிச்சும் கார் மூக்கு திரும்பாம நேரா போகப் பாத்தா அண்டர்ஸ்டியர், முன் டயர் பிடியை இழந்துடுச்சு. பின்பக்கம் வெளிய போய் மூக்கு தேவைக்கு மேல உள்ள திரும்பினா ஓவர்ஸ்டியர், பின் டயர் பிடியை இழந்துடுச்சு. முதலாவது நடந்தா ஓட்டறவருக்கு எரிச்சல் வரும். ரெண்டாவது நடந்தா உயிர் போயிட்டு வரும். அதனாலதான் சிக்கல். பயமுறுத்தினது மட்டும்தான் ஞாபகத்துல நிக்கும். அதுக்கு ரெண்டு செகண்டு முன்னாடி எரிச்சல் பண்ணினது மறந்துடும்.

ஆகவே யார் வந்து என்ன சொன்னாலும் நான் கேக்கறது இதுதான். வளைவுல எந்தக் கட்டத்துல நடக்குது? பிரேக் பிடிச்சு உள்ள நுழையும்போதா, நடுவுல சீரா போகும்போதா, ஆக்சிலரேட்டர் அழுத்தி வெளிய வரும்போதா? அப்ப வலது கால் எங்க இருக்கு? இடது வளைவுலயும் வலது வளைவுலயும் ஒரே மாதிரியா? முதல் சுத்துலயே வருதா, இல்ல டயர் சூடான பிறகா? இந்தப் பதில்ல பாதி வியாதி தெரிஞ்சிடும். அண்ணாவோட பதில்: வலது வளைவு, டயர் சூடான பிறகு, காலை ஆக்சிலரேட்டர்ல இருந்து எடுத்து பிரேக்குக்குக் கொண்டுபோகும்போது.

டிஃப் வேண்டாம்னு அந்த இடத்துலயே சொல்லிட்டேன். வளைவுல இருந்து வெளிய வரும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினா உள்பக்கப் பின்சக்கரம் சும்மா சுத்துச்சுன்னா, அப்ப டிஃப் பத்திப் பேசலாம். இங்க கால் ஆக்சிலரேட்டர்லயே இல்ல. "நீர் சொல்லுறது விளங்குது, எண்டாலும்..."னு இழுத்தார். அந்த "எண்டாலும்" ஆபத்தானது.

ட்ராக்குக்கு முந்தின வாரம் அவர் வீட்டு வாசல்ல ஜாக்கி போட்டு ஏத்தினோம். செட்டப் மாத்தறதுக்கு முன்னாடி, உடைஞ்சது தேஞ்சது எதுவும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும். சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா பேரிங், பால் ஜாயின்ட் ஆட்டம் தெரியும். பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டினா ஸ்டீயரிங் பக்க ஆட்டம் தெரியும். ரெண்டும் சுத்தம். டேம்பர்ல எண்ணெய்க் கசிவு இல்ல. இந்தக் காருல கேம்பரும் டோவும் செட் பண்ற போல்ட் விலகுமையப் போல்ட். இறுக்கினது பத்தலைன்னா ட்ராக் அடியில கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துடும். அதனால ஒவ்வொண்ணுலயும் வெள்ளை பெயின்ட்டால ஒரு கோடு போட்டோம். கோடு உடைஞ்சா போல்ட் நகர்ந்திருக்குன்னு அர்த்தம். நாலு சொட்டு பெயின்ட்டுல எவ்வளவு நிம்மதி!

அப்புறம் நூல். காருக்கு ரெண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்டு வச்சு, சக்கர மையத்தோட உயரத்துக்குத் தூண்டில் நூலை இழுத்துக் கட்டி, ரிம்மோட முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூல்ல இருந்து எவ்வளவு தூரம்னு ஸ்கேல் வச்சு அளந்தா டோ தெரிஞ்சிடும். இங்க நான் தேடினது பின்சக்கரத்தை. பின்சக்கரம் வெளிப்பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தா, காலை எடுத்த உடனே பின்பக்கம் விலகறது அதோட குணம். அண்ணா சொன்ன அறிகுறிக்கு அச்சு அசலாப் பொருந்தும். ஆனா ரெண்டு பின்சக்கரமும் லேசா உள்பக்கம்தான் பார்த்துச்சு. அந்தச் சந்தேகம் தீர்ந்துச்சு.

டயர்ல ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். பின் டயர் புத்தம் புதுசு, அகலம் வேற. முன் டயர் ரெண்டுலயும் 2319. அதாவது 2019-ஓட 23-ஆவது வாரம். ரப்பரை நகத்தால அழுத்திப் பார்த்தா இறுகிப் போயிருக்கு. பின்பக்கப் பிடியைக் கூட்டிட்டார், முன்பக்கத்தை அப்படியே விட்டுட்டார். இதை மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன்.

காற்று. குளிர்ந்த டயர்ல 26 பிஎஸ்ஐ வச்சிருந்தார், அது இந்தக் காருக்கு மாஸ்டா சொல்ற அளவுதான். ஆனா ட்ராக்குல சூடாகும். பள்ளிக்கூடத்துல படிச்ச வாயு விதியை இங்க போட்டுப் பாருங்க: 20 டிகிரியில 26 இருக்கற டயர் உள்காற்று 60 டிகிரி ஆச்சுன்னா அழுத்தம் 31-ஐத் தாண்டிடும். அதனால காலையில எவ்வளவு அடிச்சோம்ங்கறது பெரிய விஷயமில்ல. ஓட்டி முடிச்சு வந்த உடனே நாலுலயும் எவ்வளவு இருக்குங்கறதுதான் கணக்கு.

கடைசியா, இந்தக் கதையோட ஹீரோ: பத்து பென்ஸ் கூடப் பெறாத கேபிள் டை. பிளாஸ்டிக் பட்டை, வயரைக் கட்டுவாங்களே, அதேதான். டேம்பர் தண்டுல, உடம்போட மேல் விளிம்பை ஒட்டி ஒண்ணைச் சுத்தி லேசா இறுக்கி விட்டுடணும். சஸ்பென்ஷன் அமுங்கும்போது டேம்பர் உடம்பு அதை மேல தள்ளிட்டுப் போகும். திரும்பி வரும்போது அது அங்கயே நின்னுடும். ஓட்டி முடிச்சு வந்து பார்த்தா எவ்வளவு ஆழம் அமுங்குச்சுன்னு தெரியும். நாலு சக்கரத்துக்கும் நாலு டை.

கட்டும்போதே ஒண்ணு கவனிச்சேன். தண்டோட உச்சியில பம்ப் ஸ்டாப்புன்னு ஒரு ஃபோம் துண்டு இருக்கும். சஸ்பென்ஷன் முழுசா அமுங்கினா இரும்பும் இரும்பும் மோதாம இருக்க அதுதான் மெத்தை. முன்பக்கம் கார் சும்மா நிக்கும்போதே பம்ப் ஸ்டாப்புக்கும் டேம்பர் உடம்புக்கும் நடுவுல 14 மில்லிமீட்டர்தான் மிச்சம். காரைத் தாழ்த்தினா அழகா இருக்கும்னு எந்தப் பட்டறையிலயோ இறக்கி விட்டிருக்காங்க. இவர் போட்டிருக்கற காயில்ஓவர்ல உயரத்தை மாத்தறது ஸ்பிரிங் உக்கார்ற தட்டைத் திருகித்தான். அந்த வகையில எவ்வளவு தாழ்த்தறீங்களோ அவ்வளவு அமுங்கற இடம் போயிடும். அடிப்பாகத்தைத் தனியாத் திருகற வகை இருக்கு, அதுல இந்தப் பிரச்சினை கிடையாது. வாங்கறவங்க இந்த வித்தியாசத்தைக் கேட்டு வாங்குங்க, கலரைப் பார்த்து வாங்காதீங்க :-)

இனி ட்ராக். நார்ஃபோக்ல இருக்கற ஸ்னெட்டர்டன். இரண்டாம் உலகப் போர் காலத்துல அமெரிக்க பாம்பர் விமானங்கள் கிளம்பின தளம். அதனால ஒரே சமதரை, காத்து ஆளைத் தள்ளும். 2011-ல மாத்திக் கட்டின பெரிய ட்ராக், ஒரு சுத்து கிட்டத்தட்ட 4.8 கிலோமீட்டர். நமக்கு வேண்டியது சுத்தோட கடைசிப் பகுதி மட்டும். பாம்ப் ஹோல்னு ஒரு வலது வளைவு. பேருக்கு ஏத்த மாதிரி நடுவுல ஒரு பள்ளம், கார் அதுல இறங்கி ஏறும். அடுத்து கோரம்னு ஒரு நீ...ள வலது வளைவு, முடியவே முடியாது. அந்த வளைவு முடியறதுக்குள்ளயே, இன்னும் வலது பக்கம் திரும்பிக்கிட்டு இருக்கும்போதே, முர்ரேஸ்னு ஒரு இடது வளைவுக்குப் பிரேக் பிடிக்கணும். அண்ணா ரெண்டு தடவை சுத்தினது அங்கதான்.

நான் ஸ்டீயரிங் சக்கரத்தோட உச்சியில ஒரு மஞ்ச டேப் ஒட்டினேன். பக்கத்துல உக்காந்துக்கிட்டு ரோட்டைப் பாக்கல, அந்த டேப்பை மட்டும் பார்த்தேன். சொல்லணும்னா, வயித்துக்கு அது ரொம்ப மோசமான யோசனை. காலை டிபன் சாப்பிடாமப் போனது புண்ணியம்.

முதல் ரெண்டு சுத்து மெதுவா. மூணாவதுல டயர் சூடாச்சு. கோரம்ல நுழைஞ்ச உடனே டேப் ஒரு மணி இடத்துக்குப் போய் நின்னுச்சு. பாதி வளைவுல கார் மெல்ல வெளிப்பக்கம் அகலுது, டேப் ரெண்டு மணிக்குப் போகுது. இன்னும் அகலுது, ரெண்டரை. வேகம் கூடல, வளைவு இறுகல, கை மட்டும் ஒடிச்சுக்கிட்டே இருக்கு. அப்புறம் முர்ரேஸுக்காகக் காலை எடுத்து பிரேக்கைத் தொட்டார். ஒரு கணத்துல மூக்கு சரக்குன்னு உள்ள வந்துச்சு, பின்பக்கம் கிளம்புச்சு, அவர் எதிர்ப்பக்கம் ஒடிச்சுச் சமாளிச்சுட்டார். "பார்த்தீரே? பின்பக்கம்!"னு ஹெல்மெட்டுக்குள்ள இருந்து கத்தினார்.

பார்த்தேன் அண்ணா. ஆனா அதுக்கு முன்னாடி மூணு செகண்டா முன்பக்கம் நேரா போய்க்கிட்டு இருந்துச்சே, அதையும் பார்த்தேன்.

நடந்தது இதுதான். முன் டயர் பிடியை இழந்துச்சு. இவர் தன்னை அறியாம இன்னும் ஒடிச்சார். பிடி இழந்த டயரை மேல ஒடிச்சா கூடுதல் பிடி வராது, அது சும்மா தேயும். காலை எடுத்து பிரேக் தொட்டதும் காரோட பாரம் முன்னாடி வந்துச்சு. டவுன் பஸ்ல டிரைவர் பிரேக் போட்டா நிக்கறவங்க மொத்தமும் முன்னாடி சாயறாங்கள்ல, அதே. முன் டயருக்குத் திடீர்னு பிடி கிடைச்சுச்சு, ஆனா சக்கரம் தேவைக்கு ரெண்டு மடங்கு ஒடிஞ்சு நிக்குது. அதே நேரத்துல பின்பக்கம் பாரம் குறைஞ்சு லேசாயிடுச்சு. மூக்கு உள்ள பாயாம என்ன பண்ணும்?

அதாவது இவர் பயந்த ஓவர்ஸ்டியர் நிஜம்தான். ஆனா அதைப் பெத்துப் போட்டது அண்டர்ஸ்டியர். இவர் என்ன பண்ணியிருக்கார்? பின்பக்கம் வழுக்குதுன்னு முன்பக்கம் மொத்தமான ஆன்டி-ரோல் பார் போட்டார். பின்பக்கம் அகல டயர் போட்டார். ரெண்டும் புத்தகத்துல ஓவர்ஸ்டியருக்கு எழுதியிருக்கற வைத்தியம்தான். ரெண்டும் அண்டர்ஸ்டியரைக் கூட்டும். அது கூடினா இவர் இன்னும் ஒடிப்பார், கடைசியில உள்ள பாயறது இன்னும் வேகமாப் பாயும். காசு போட்டுப் போட்டு வியாதியை வளர்த்திருக்கார் மனுஷன்.

பிட்டுக்கு வந்த உடனே டையைப் பார்த்தோம். இடது முன்பக்க டை பம்ப் ஸ்டாப்போட அடியில நசுங்கிக் கிடக்கு. வலது முன்பக்கத்துல 9 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கு. பிரேக் மட்டும் காரணம்னா ரெண்டும் ஒரே மாதிரி போயிருக்கணும். இடது பக்கம் மட்டும்னா வலது வளைவுல சாய்ஞ்சதுதான் காரணம்.

ஆனா டை ஒரு ஊமைச் சாட்சி. ரொம்ப ஆழமா அமுங்கின ஒரே ஒரு கணத்தைத்தான் சொல்லும், அது எந்த இடத்துலன்னு சொல்லாது. பாம்ப் ஹோல் பள்ளத்துல அமுங்கியிருக்கலாமே? அப்படின்னா கோரம்ல நடக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லாமப் போயிடும். அதனால டையைக் கீழ இறக்கி விட்டு, அடுத்த ஓட்டத்துல அண்ணாவைப் பாம்ப் ஹோல்ல வயசானவங்க மாதிரி போகச் சொன்னேன், கர்ப் எதையும் தொடக் கூடாது, கோரம் மட்டும் வழக்கமான வேகம். கோரம் நீளம்கறதால அதுக்குள்ள வேகம் பிடிச்சுக்கலாம். திரும்பி வந்து பார்த்தா டை மறுபடியும் நசுங்கியிருக்கு. குற்றவாளி பிடிபட்டாச்சு.

பம்ப் ஸ்டாப்பைத் தொட்டா ஏன் பிடி போகுதுன்னு கேப்பீங்க. அதைத் தொட்டதும் அந்த மூலையோட ஸ்பிரிங் ஒரே தாவுல பல மடங்கு விறைப்பாயிடும். காரோட சாய்வைத் தாங்கற வேலையில பெரும்பங்கு முன்பக்கத்துக்கு வந்துடும். அப்ப இடது முன் டயர் மேல பாரம் ஏறும், வலது முன் டயர்ல இருந்து இறங்கும். மொத்தப் பாரம் அதேதானே, அப்புறம் என்ன? இங்கதான் டயரோட கஞ்சத்தனம். பாரம் ரெண்டு மடங்கானா பிடி ரெண்டு மடங்கு ஆகாது, கொஞ்சம் கம்மியாத்தான் தரும். புரியறதுக்காக நானே போட்ட ஒரு கணக்கு: ரெண்டு டயர் மேலயும் 250 கிலோ இருந்தா ஒவ்வொண்ணும் 260 கிலோ அளவுக்குப் பிடிக்குதுன்னு வைங்க, மொத்தம் 520. அதையே 400-ம் 100-மா பிரிச்சா ஒண்ணு 390 தரும், இன்னொண்ணு 108 தரும், மொத்தம் 498. கார் அதே, டயர் அதே, 22 கிலோ காத்தோட போச்சு. மொத்தமான முன் பார் பண்றதும் இதே வேலைதான், கொஞ்சம் சாந்தமா.

மத்தியானம் சாப்பாட்டு இடைவேளை. அண்ணா பாரையும் மாத்துவம், உயரத்தையும் மாத்துவம், டேம்பரையும் திருகுவம்னு ஸ்பேனரோட நிக்கறார். ஒரு நேரத்துல ஒண்ணுதான்னு சொல்லிட்டேன். நாலை மாத்தி கார் நல்லாயிட்டா எதால நல்லாச்சுன்னு தெரியாது, கெட்டுப் போனா எதால கெட்டுச்சுன்னும் தெரியாது. லேப் டைம் வேற இல்லாத இடத்துல இது இன்னும் முக்கியம்.

முதல்ல பார், ஏன்னா அது பத்து நிமிஷ வேலை. நுனியில மூணு ஓட்டை இருந்துச்சு, ரெண்டு பக்கமும் சாந்தமான ஓட்டைக்கு மாத்தினோம். ஓட்டிப் பார்த்தா கோரம் தொடக்கத்துல கொஞ்சம் பரவாயில்ல, பாதியில அதே கதை, டேப் ரெண்டேகால் வரைக்கும் போகுது. டை நசுங்கினது நசுங்கினதுதான். சரி, பார் துணைக் குற்றவாளி. அதை அப்படியே வச்சுக்கிட்டு அடுத்தது உயரம். முன்பக்க ஸ்பிரிங் தட்டு ரெண்டையும் சுத்து எண்ணி எண்ணி, ரெண்டு பக்கமும் சமமா, 8 மில்லிமீட்டர் ஏத்தினோம். காரோட மூக்கு அதைவிடக் கூடவே எழும்புச்சு, ஏன்னா ஸ்பிரிங் உக்காந்திருக்கறது கையோட நடுவுல, சக்கரம் இருக்கறது நுனியில. உயரம் மாறினா டோவும் மாறும். மறுபடி தூண்டில் நூல், டை ராடுல கால் சுத்து, பழைய இடத்துக்குக் கொண்டு வந்தாச்சு. இதை விட்டுட்டு ஓட்டினா உயரத்தைச் சோதிக்கறோமா டோவைச் சோதிக்கறோமான்னு தெரியாது.

இந்த ஓட்டத்துக்கு நான் உக்காரல. என் எடை 62 கிலோ, இடது சீட்டுல. ஒரு டன் காருல அது சின்ன விஷயம் இல்ல, அதுவும் இடது முன் மூலையைப் பத்தி ஆராய்ச்சி பண்ணும்போது. கேமராவை டேப் தெரியற மாதிரி மாட்டி விட்டு வேலிப் பக்கம் போய் நின்னேன். நாலு சுத்து. ஒவ்வொரு தடவையும் கோரம் முடியற இடத்துல எனக்கு மூச்சு நின்னு வந்துச்சு. புல்லுக்கும் எங்களுக்கும் நடுவுல அக்காவோட சபதம் நிக்குதே!

கார் அப்படியே வழுக்காம முர்ரேஸுக்குள்ள போச்சு. திரும்பி வந்து வீடியோ பார்த்தோம். டேப் ஒன்றரை மணியில நிக்குது, காலை எடுக்கும்போது கொஞ்சம் திரும்பி வருது, அவ்வளவுதான். டையில 5 மில்லிமீட்டர் மிச்சம். யுனிவர்சிட்டியில இருந்து இரவல் வாங்கின ஊசி வெப்பமானியைக் காலையில குத்திப் பார்த்தப்போ இடது முன் டயரோட வெளி ஓரம்தான் உள் ஓரத்தை விட நல்லா சூடா இருந்துச்சு. இப்ப மூணு இடத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஒடிச்சுத் தேய்ச்சது நின்னுடுச்சுன்னு டயரே சொல்லுது. லேப் டைம் இல்லாம மூணு சாட்சி கிடைச்சாச்சு.

அண்ணா ஹெல்மெட்டைக் கழட்டிட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "தம்பி, ஒரு வருசமா நான் பின்பக்கத்தோட சண்டை பிடிச்சிருக்கிறன்"னார். சாயங்காலம் வீட்டுக்குப் போன் பண்ணி, புல்லுக்க போகேல்லை எண்டு முதல் வரியிலயே சொல்லிட்டார். அந்தப் பக்கம் என்ன பதில்னு எனக்குக் கேக்கல. முகத்தைப் பார்த்தா மாசத்துல ஒரு சனிக்கிழமை தப்பிச்சுடுச்சுன்னு தெரிஞ்சுது.

முழுசா குணமாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். வலது வளைவு சரியான பிறகு இடது வளைவு உறுத்த ஆரம்பிச்சுது. அகோஸ்டினின்னு ஒரு இறுக்கமான இடது வளைவு, அதுல மூக்கு இன்னும் சோம்பலாத்தான் திரும்புது. ஒரு பக்கம் மட்டும் இப்படின்னா பார், ஸ்பிரிங் மேல சந்தேகப்படறதை விட நாலு சக்கரத்துலயும் பாரம் எப்படிப் பிரிஞ்சிருக்குன்னு பாக்கணும். நாலு கால் நாற்காலியில ஒரு காலுக்குக் கீழ அட்டை வச்சா குறுக்க இருக்கற காலும் சேர்ந்து பாரம் தாங்கும்ல, அதே கதை. வலது முன், இடது பின் இந்த மூலைவிட்டத்துல பாரம் அதிகமா இருந்தா இடது வளைவுல அண்டர்ஸ்டியர் வரும், வலது வளைவுல அதுக்கு எதிர்ப்பதம். யாரோ காரைத் தாழ்த்தும்போது நாலு தட்டையும் கண்ணளவுல திருகியிருக்கலாம்னு என் ஊகம். நாலு சக்கரத்துக்கும் நாலு தராசு வச்சு, அண்ணாவை அவர் சீட்டுல உக்கார வச்சு, பெட்ரோல் அரை டேங்க் போட்டு அளந்தாதான் தெரியும். தராசு இரவலுக்குச் சொல்லி வச்சிருக்கேன், அடுத்த மாசம் கிடைக்கும்.

டிஃப் வாங்கற பணத்துல அண்ணா முன் டயர் ரெண்டு வாங்கிட்டார், பின்பக்க டயரோட அதே ரகம். பார்சல் வந்த அன்னிக்கே, "போடட்டே?"ன்னு போன். தராசு முடியற வரைக்கும் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். ஷெட்டுல கிடக்குது. தினம் ஒரு தடவை போய்த் தடவிப் பாக்கறாராம், அக்கா சொன்னாங்க.